கடைசி நாலு கட்டம்

குறுக்கெழுத்துப் போடுகிறவன் கள்ளன் என்பதில் குலசேகரத்தாருக்குச் சந்தேகமே இல்லை. நேர்மையான மனுசன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் ‘குழம்பியுள்ளது’ என்று வேறு எழுதுவானா? என்றாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் நோர்பரியில் பெனடிக்றின் கடைக்குப் போய் அந்தத் தமிழ்ப் பத்திரிகையை வாங்கிவிடுவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரே ஒரு தடவை முழுக் கட்டத்தையும் நிரப்பிவிட வேண்டும், அதுதான் ஆசை. லண்டனுக்கு வந்து இத்தனை வருசத்தில் அது மட்டும் நடக்கவில்லை. ஏதோ ஒரு மூலை வாயைப் பிளந்தபடி கிடக்கும். அடுத்த வெள்ளி விடையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

இந்த முறை நாலு கட்டத்தில் ஒரேயொரு சொல்தான் மிச்சம். ‘வருந்தி அழைத்தாலும் வராதது, வந்தபோது தெரியாதது.’ நடுவில் ‘க்’, ‘க’ இரண்டும் மேலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டன. முன்னுக்கும் பின்னுக்கும் வெறுமை. ‘மக்கள்’ என்று பென்சிலால் எழுதினார். மக்கள் என்றால் பிள்ளைகள்தானே. மகன் பக்கத்து ஊரான சட்டனில்தான் இருக்கிறான். எத்தனை தரம் கூப்பிட்டாயிற்று.

மனைவி தவநாயகி எட்டிப் பார்த்தாள். “உங்கட மகன் வந்தாத் தெரியாதோ? அவன் கார்க் கதவை அடிக்கிற அடியில தெருவே எழும்பும்.”

“நீ உன்ர வேலையைப் பார்.” அவள் போன பிறகு அழித்தார்.

அடுத்த வெள்ளி பெனடிக்ற் கையை விரித்தான்.

“அண்ணை, இனிப் பேப்பர் வராது. நிப்பாட்டிப் போட்டினம்.”

“அப்ப விடை?”

“என்ன விடை?”

“போன கிழமைக் குறுக்கெழுத்துக்கு.”

“பேப்பரே இல்லையெண்டிறன், விடை எங்கையிருந்து வாறது?”

“விடை தெரியாமத்தான் ஓடியிருக்கிறாங்கள்.”

பெனடிக்ற் சிரித்தான். “இங்கிலிஷ் பேப்பரிலயும் குறுக்கெழுத்து இருக்கு. சும்மா கொண்டு போங்கோ.”

“அதில கறுப்புக் கட்டம் மட்டுந்தான் எனக்கு வாசிக்க ஏலும்.”

பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தது. மழை. பழைய பத்திரிகையை மடியில் விரித்தார். பக்கம், துக்கம், சிக்கல் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் இசையவில்லை. வெளியே வீடுகள் மெதுவாக நகர்ந்தன. விளக்கெரிந்த யன்னல் வெள்ளைக் கட்டம், எரியாதது கறுப்பு. யாரோ ஏணி வைத்து ஒவ்வொரு யன்னலுக்கும் ஒவ்வோர் எழுத்தாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ‘தூ’வைத் தோளில் சுமந்தபடி ஒருவன் தெருவைக் கடந்தான். மழை அதை நனைக்கவில்லை. அவன் முகம் கள்ளன் முகமாகவும் இல்லை.

டிரைவர் மேலே ஏறி வந்து தோளைத் தட்டினான். பஸ் கடைசித் தரிப்பில் நின்றது. எப்போது கண் அயர்ந்தது? குலசேகரத்தாருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்ற அந்த இடத்திலேயே சொல் வந்து நின்றது. தூக்கம்! கட்டிலில் கிடந்து எத்தனை இரவு வருந்தி அழைத்திருப்பார், வந்ததா?

நனைந்தபடி வீட்டுக்கு வந்தவர் பத்திரிகையைத் தவநாயகியிடம் நீட்டினார்.

“தூக்கம்.”

அவள் விரல் வைத்துப் பார்த்தாள். “சரிதான்.”

“சரியெண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“பொருந்துது எல்லே?”

“பொருந்தினதெல்லாம் சரியோ? இனி விடையும் வராது.”

“வந்தாலும் நீங்கள் நம்பப் போறேல்ல. அச்சடிச்சவன் பிழை விட்டிட்டான் எண்டுதான் சொல்லுவியள்.”

உண்மைதான். அதை அவள் சொன்னதுதான் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேனையை எடுத்து, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். கேட்பதற்கு இனி ஆள் இல்லை. அவர் எழுதியதுதான் விடை. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோசமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

தவநாயகி கத்தியோடு வந்தாள். “அந்தப் பேப்பரை இஞ்ச தாங்கோ. விரிச்சு வச்சு வாழைக்காய் சீவவேணும்.”

“இதில சீவாத.”

“பின்னை எதில சீவுறது?”

“என்ர மடியில சீவு,” என்றார் குலசேகரத்தார்.