ஏட்டின்னு கூப்பிடாத பால் கம்பெனி

பூரணத்தோட குரல் பால் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துச்சு. பூரணம் சேரல, குரல் மட்டும்தான். அவ எப்பவும்போல வீட்ல சமைச்சா, துவைச்சா, புருசன் அய்யாத்துரையோட சைக்கிள் கடைக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனா. பேச்சு மட்டும் கம்பெனியில இருந்துச்சு.

குரலைக் கேட்டு வீட்டுக்கு வந்தவர் மக்கள் தொடர்பு அதிகாரி கிறிஸ்துதாஸ். நாகர்கோவில்காரர். தும்மினாக்கூடப் பக்கத்து ஆள்கிட்ட மன்னிப்புக் கேக்கிற மனுசன். அதுவரைக்கும் கம்பெனிக்குன்னு இருந்த குரல் ஒரு சங்குதான். விடியுறதுக்கு முன்னாடி முதல் ஷிப்ட்டு, அப்புறம் ரெண்டாவது ஷிப்ட்டுன்னு ஊரே அதிர ஊதும். பால் நல்லா இருந்தாலும் ஊதும், திரிஞ்சிருந்தாலும் ஊதும். ஊர் பதிலுக்கு என்ன சொல்லுதுன்னு அது ஒருநாளும் நின்னு கேட்டதில்ல. இது ஒருவழிப் பேச்சு, இந்தக் காலத்துக்கு ஒத்துவராதுன்னு மேலிடத்துல முடிவாகி, சங்கைக் கழட்டி ஸ்டோர் ரூம்ல சாக்கு போட்டு மூடி வச்சிட்டாங்க. இனிமே கம்பெனி ஊரோட பேசும், ஊர் பேசுறதையும் கேக்கும். அதுக்குத் தோதா ஒரு குரல் வேணும்.

கிறிஸ்துதாஸ் தெருத்தெருவா நடந்தார். மேட்டுத்தெருவுல பூரணம் வாசல்ல நின்னு மகளைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. "ஏட்டி." அந்த ஒரு சொல்லுக்குத் தெருவுல இருந்த அத்தனை பொம்பளைங்களும் திரும்பிப் பாத்தாங்க. குப்பைமேட்டுல நின்ன ரெண்டு பசுவும் திரும்புச்சு. அவர் அங்கயே முடிவு பண்ணிட்டார்.

மக பேரு உலகம்மாள். வீட்ல உலகு. தென்காசியில காலேஜ் படிக்கா. பஸ்ல கண்டக்டர் சில்லறை இல்லன்னு சொன்னா, சில்லறைங்கிறது யார் பொறுப்புன்னு இறங்குற ஸ்டாப் வரைக்கும் கேப்பா. அம்மாவும் மகளும் பேசிக்கிட்டா அது சண்டைதான். தலை சீவுறதுக்குச் சண்டை, சீவாததுக்குச் சண்டை. அய்யாத்துரை நடுவுல உக்காந்து ரேடியோ கேக்கிற மாதிரி கேட்டுக்கிட்டே சாப்பிடுவார். அவர் வீட்டுக்கு இருந்த ஒரே சங்கீதம் அது.

முதல்ல குரல் தினமும் வீட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. பொழுது சாயுற நேரம் கம்பெனி வேன் வரும். டிரைவர் ஒரு தூக்குவாளியை வாசல்ல வச்சிட்டுப் போவார். பூரணம் மூடியைத் திறந்து மடமடன்னு குடிப்பா. முந்தானையால வாயைத் துடைச்சிட்டு, "ஏட்டி, லைட்டைப் போடு. இருட்டுல என்னத்தப் படிக்க"ன்னு ஆரம்பிப்பா. கொஞ்சம் பால்வாசனை அடிக்கும், அவ்வளவுதான். காலைல திரும்பவும் குரலை வாளியில விட்டு மூடிக் குடுத்து அனுப்புவா.

அப்புறம் ஊர் கம்பெனியோட பேசப் பழகிருச்சு. ராத்திரியிலயும் போன் பண்ண ஆரம்பிச்சாங்க. வேன் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துச்சு. பிறகு வெறும் வாளி வந்துச்சு. பிறகு அதுவும் வரல. பூரணம் சாயங்காலமானா வாசலைப் பெருக்கித் தண்ணி தெளிச்சு, வேன் திரும்புற தெருமுக்கைப் பாத்துக்கிட்டு நிப்பா. உதடு மட்டும் அசையும். அது என்ன சொல்லுதுன்னு உலகுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய, காதுக்கு வரலையே.

அதனால உலகு கம்பெனிக்குப் புகார் பண்ண ஆரம்பிச்சா.

போனைப் போட்டா அம்மா எடுப்பா. "வணக்கம், மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே. சாப்பிட்டீங்களா? தங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்." உலகு ஸ்பீக்கர்ல போட்டு நடுவீட்ல வைப்பா. பூரணம் ஈரக்கையோட அடுப்படியில இருந்து வந்து, ஊருக்குப் போன பிள்ளையைப் பாக்கிற மாதிரி அந்தப் போனைப் பாத்துக்கிட்டு நிப்பா.

புகாருக்குப் பஞ்சமா? பால் ரொம்ப வெள்ளையா இருக்குன்னு சொன்னா. மறுநாள் லேசா மஞ்சளா வந்துச்சு. ஆடைக்குத் தலைக்கனம் ஜாஸ்தி, பாலுக்கு மேலயே உக்காந்திருக்குன்னு சொன்னா. மறுநாள் ஆடை அடியில கிடந்துச்சு. நான் கோவமா பாத்தா பால் திரிஞ்சுபோகுதுன்னு சொன்னா. மறுநாள்ல இருந்து அவ வீட்டுப் பாக்கெட்டை மட்டும் கறுப்புத் துணியில சுத்திக் குடுத்தாங்க. கம்பெனி சொன்ன சொல் தவறல. எல்லாத்தையும் கேட்டுச்சு, எல்லாத்தையும் மாத்துச்சு.

கடைசியில அவ நேராவே கேட்டா. "ஒரே ஒரு தடவை என்னைய ஏட்டின்னு கூப்பிடுங்க."

"தங்கள் கருத்து மதிக்கப்படுகிறது. மரியாதைக் குறைவான சொற்களை நிறுவனம் பயன்படுத்துவதில்லை. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

அம்மா குரல்லயே அம்மா இல்லாத பேச்சு. உலகு அன்னைக்குச் சாப்பிடல. யாரும் ஏன்னு அதட்டிக் கேக்கல.

சித்திரை பிறந்ததும் கிறிஸ்துதாஸ் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிச்சார். பூரணத்தோட குரலைக் கம்பெனி நிரந்தரமா வச்சுக்கலாமா, திருப்பிக் குடுக்கலாமான்னு ஊரைக் கேக்காம முடிவெடுக்க முடியாதில்லையா. கல்யாண மண்டபத்துல கூட்டம். இதுல நேரடியா சம்பந்தப்பட்டவங்கன்னு மாடுகளுக்கு முன்வரிசை. அதுங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் பால் விடாத கட்டங்காப்பி. மேடையில ஒரு நாற்காலி, அது மேல ஸ்பீக்கர் பெட்டி. குரல் அதுல இருந்துச்சு. நிஜப் பூரணம் கடைசி வரிசையில அய்யாத்துரை பக்கத்துல உக்காந்திருந்தா.

உலகு சண்டைக்குத் தயாராதான் போயிருந்தா. குரல் வேணும்னு சொல்ற ஒவ்வொருத்தனையும் நார்நாரா கிழிக்கணும்னு. முதல்ல எந்திரிச்சவர் மருந்துக் கம்பெனி ரெப்பு மதிவாணன். லாட்ஜ்ல தங்கியிருக்கவர். அவருக்குப் பால் ஒத்துக்காதாம். ஆனாலும் தினமும் கம்பெனிக்குப் போன் பண்ணுவாராம். சாப்பிட்டீங்களான்னு கேக்க இந்த ஊர்ல வேற ஆள் இல்லன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். அவருக்குப் பின்னாடி ஒருத்தர், அவருக்கும் பின்னாடி ஒருத்தர். யாரும் பாலைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உலகு சேர்த்து வச்சிருந்த கோவத்துல பாதி எங்கயோ ஒழுகிப்போச்சு. மிச்சத்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு மைக்கை வாங்குனா.

"கேக்கோம், கேக்கோம்னு சொல்லுதீங்கள்லா? பேசுறது எங்கம்மா வாய். கேக்குறது யார் காது? பாலை மஞ்சளாக்குனீங்க, ஆடையை அடியில தள்ளுனீங்க. நான் எதுக்காகப் போன் பண்ணுனேனோ அதை மட்டும் தரல. இதுக்குப் பேரு இருவழியா? ஒரு பக்கம் நீங்க பேசுதீங்க. ஒரு பக்கம் நாங்க ஏங்கிக்கிட்டு இருக்கோம். அதான் உங்க ரெண்டு வழியும்."

கிறிஸ்துதாஸ் பதிவு செய்யப்பட்டதுன்னு சொல்ல வாயெடுத்தார். உலகு அவரைச் சொல்ல விடல. மைக்கை வாயோட ஒட்டி வச்சு, அம்மா சொல்லு, கம்பெனி சொல்ல வேண்டாம், நீ சொல்லுன்னு கத்துனா. மண்டபத்துக் கண்ணாடியெல்லாம் கிணுகிணுத்துச்சு. ஒரு மாடு தலையைத் திருப்பிக்கிடுச்சு.

ஸ்பீக்கர் பெட்டி கரகரன்னுச்சு. அப்புறம் பேசுச்சு.

"ஏட்டி. மைக்கை அப்படிக் கடிக்காத. எவன் வாய் வச்சதோ."

உலகு மைக்கைக் கீழ இறக்குனா. சரிம்மான்னு சொன்னா. அவ வாழ்க்கையில வாதாடாம சொன்ன முதல் சரி அது. கடைசி வரிசையில பூரணம் ரெண்டு கையாலயும் தன் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா. அய்யாத்துரை தலைய ஆட்டித் தாளம் போட்டார்.

அத்தோட வீட்டுக்குப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா மதிவாணன் மறுபடி எந்திரிச்சார். தன்னைய ஏலேன்னு கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆச்சுன்னும், மதிப்பிற்குரியவரா இருந்து இருந்து அலுத்துப்போச்சுன்னும், தனக்கும் இந்த வசதி வேணும்னும் சொன்னார். மண்டபமே கை தூக்குச்சு. மாடுகள் வாலைத் தூக்குச்சு. மக்கள் கருத்தை ஏத்துக்கிட்டு நாளையில இருந்து எல்லா வாடிக்கையாளரையும் ஏட்டி, ஏலேன்னே கூப்பிடுவோம், அதுக்காகக் குரல் நிரந்தரமா கம்பெனியிலயே இருக்கும்னு கிறிஸ்துதாஸ் அறிவிச்சார். ஒரு பிள்ளையோட புகார்னால வந்த மாற்றம்னு உலகுக்குச் சால்வை போட்டாங்க.

மறுநாள் உலகு போன் பண்ணுனா. "ஏட்டி, சாப்பிட்டியா?"ன்னு கேட்டுச்சு. அவ பதில் சொல்றதுக்குள்ள பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் அதே ஏட்டி, அதே சாப்பிட்டியா. தெருவுல போற ஆளோட சட்டைப்பையில இருந்து ஒரு ஏலே. ஊர் பூராவும் அவ அம்மா எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. உலகு போனை வச்சிட்டு, அம்மா பக்கத்துல போய் உக்காந்தா. பூரணம் சீப்பை எடுத்து அவ தலையைச் சீவிவிட்டா. சண்டை இல்லாம முடிஞ்ச சீவல். கோணலா இருந்துச்சு. அய்யாத்துரைக்குச் சோறு இறங்கல.

அந்தச் சாயங்காலம் வேன் வந்துச்சு. கிறிஸ்துதாஸே இறங்கி வந்தார். தூக்குவாளியை ரெண்டு கையாலயும் தூக்க முடியாம தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சார்.

"இருவழின்னா ஒண்ணு போனா ஒண்ணு வரணும்லாம்மா. உங்க குரல் எங்ககிட்ட இருக்கு. எங்க குரல் ஸ்டோர் ரூம்ல சும்மாதான் கிடந்துச்சு."

பழைய வாளியாச்சேன்னு மன்னிப்பும் கேட்டுட்டுப் போனார்.

பூரணம் மூடியைத் திறந்தா. உலகும் அய்யாத்துரையும் ஆளுக்கொரு பக்கம் வாளியைத் தாங்கிப் பிடிச்சாங்க. மடமடன்னு குடிச்சு முடிச்சு, முந்தானையால வாயைத் துடைச்சிட்டுப் போய்ப் படுத்தா.

விடியுறதுக்கு முன்னாடி பூரணம் அடுப்படியில நின்னு வாயைத் திறந்தா. மேட்டுத்தெரு அதிர்ந்துச்சு. கோயில் கோபுரத்துப் புறாவெல்லாம் ஒண்ணா எழும்புச்சு. தொழுவத்துல மாடுகள் எந்திரிச்சு நின்னுச்சு. கம்பெனி சங்கு மறுபடி ஊதுதுன்னு பக்கத்து வீட்ல கடிகாரத்தைச் சரிபண்ணுனாங்க.

உலகு போர்வைய விலக்கி எந்திரிச்சு உக்காந்தா. "வாறேன்மா. ஒரு தடவை கூப்பிட்டா பத்தாதா?"

சங்கு ரெண்டாவது தடவை ஊதுச்சு, முன்னைவிட நீளமா.

"நேத்துதானே எண்ணெய் தேச்சேன். இன்னைக்கு மாட்டேன்"ன்னு உலகு பாயைச் சுருட்டிக்கிட்டே பதிலுக்குக் கத்துனா. அய்யாத்துரை தட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து உக்காந்தார். சங்கு மூணாவது தடவை ஊதுச்சு. ஊர்ல பாதிப் பேர் ரெண்டாவது ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் போனாங்க.