காலடியில் தண்ணி இருக்கா?

என் இடது காலில் எப்போதும் சாக்ஸ் நனைந்து கிடக்கிறது. நான் சாக்ஸ் போடுவதே இல்லை. அதுதான் என் வியாதியின் லட்சணம்.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று டாக்டர் சொன்னார். ஒயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உரிகிற மாதிரி, நரம்புக்கு மேலே இருக்கும் உறை அங்கங்கே உரிந்துபோகிறதாம். அதனால் இல்லாத ஈரம் தெரியும். தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்து இறங்கும். சில நாள் விலாவைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்குவார்கள். தரையில் கால் வைத்தால் மெத்தையில் வைத்த மாதிரி ஆடும். துணி இறக்க வருகிற ஆள் ஒருநாள் என் நடையைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாங்க போல" என்றான்.

"உனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வச்சிருக்கேன், வா" என்றேன்.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். அண்ணனின் தையல் கூடத்தில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டுவது நான்தான். மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டால் புயல் வந்தாலும் விழமாட்டேன். அண்ணன் கண்ணுக்கு மட்டும் நான் விழுந்துகொண்டே இருப்பேன். "நீ முன்னாடி சேர் போட்டு உக்காரு, வர்றவங்களக் கவனி. வெட்டுறதுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்று எப்போது பார்த்தாலும் ஆரம்பிப்பான். நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கா நான் கத்திரி பிடித்தேன்?

அவனுக்கு வசதியாக ஒரு சம்பவம் நடந்தது.

அன்று மதியம் கால் நனைந்தது. தினம் நனைகிற கால்தானே என்று நான் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி போட்ட அலறலில்தான் திரும்பினேன். நீராவி அயர்ன் பாக்ஸுக்கு மேலே தொங்கும் தண்ணீர் பாட்டிலின் டியூப் கழன்று, தண்ணீர் என் மேஜைக்கு அடியில் ஓடியிருந்தது. அங்கே நிறுத்தி வைத்திருந்த சிவப்பு லைனிங் துணிச் சுருள் சாயம் விட்டுவிட்டது. பக்கத்திலிருந்த வெள்ளைத் துணி, ஆஸ்பத்திரி டாக்டர்களின் கோட்டுக்கு வந்தது, அடியெல்லாம் ரோஸ் நிறம்.

"தண்ணிக்குள்ளயே நின்னுருக்க. உனக்குத் தெரியலையா?" என்று அண்ணன் கத்தினான்.

"தெரிஞ்சுது. நான் தினமும் தண்ணிக்குள்ளதான் நிக்கிறேன். எது நெஜத் தண்ணின்னு கால் சொல்ல மாட்டேங்குது."

"அப்ப போதும்மா. நாளைக்கு வேற மாஸ்டர வரச் சொல்றேன்."

அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "கொஞ்சம் கீழ பாரு" என்று யாரையாவது கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்க வெட்கம். பாழாய்ப்போன வெட்கம்!

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய், புது வெள்ளைத் துணியை விரித்து, வெட்ட ஆரம்பித்துவிட்டேன். சொன்னபடி புது மாஸ்டர் வந்தார். கத்திரியைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். அண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வரவும், என் கால் ஜில்லென்று நனையவும் சரியாக இருந்தது.

"அண்ணே! என் காலடியில தண்ணி இருக்கா பாரு!" என்று கத்தினேன். மிஷின்கள் எல்லாம் நின்றன.

"மெதுவா பேசு. ஆளு நிக்கிறாரு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிக்கட்டும். எனக்கு நரம்பு வியாதி. கால் பொய் சொல்லும். இனிமே அது சொல்றப்பெல்லாம் கேப்பேன், யாராவது பாத்துச் சொல்லுங்க. கை இன்னும் பொய் சொல்லல. நான் வெட்டினதுல ஒரு நூல் பிசகு இருந்தா காட்டு, இப்பவே கத்திரிய வச்சிடுறேன்."

புது மாஸ்டர்தான் குனிந்து, வெட்டி வைத்திருந்த அடுக்கின் ஓரத்தில் விரலை ஓட்டினார். மேல் துணியிலிருந்து அடித்துணி வரை ஓட்டினார். பிறகு தன் கத்திரியைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தண்ணி இருக்கா இல்லையா? வெள்ளைத் துணி கீழ நிக்குது" என்றேன் அண்ணனிடம்.

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். என் பாதத்தைச் சுற்றித் தரையைக் கையால் தடவினான். எழுந்தபோது முகம் என்னவோபோல் இருந்தது.

"இல்ல" என்றான். "நீ வெட்டு."