வலது பக்கச் சுவர்

கழிப்பறைக் கதவைத் திறந்ததும் 'அரை இன்ச்' என்கிற பிளம்பர் முதலில் பார்த்தது, தான் மாட்டிய கைப்பிடியைத்தான். உட்காருபவருக்கு வலது பக்கச் சுவரில் ஆடாமல் அசையாமல் பளபளவென்று இருந்தது. யானையைக் கட்டினாலும் தாங்கும். அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

முதியவர்கள் விழாமலிருக்க வீடு தேடிப் போய் இலவசமாகக் கைப்பிடி மாட்டித் தரும் சங்கத்தில் ஆறு வருடமாக அவர்தான் பிளம்பர். அளவு அரை அங்குலம் தப்பினாலும் கழற்றி மறுபடி மாட்டுவார், அதனால் வந்ததுதான் 'அரை இன்ச்' என்ற பெயர். கிண்டலாக யார் கூப்பிட்டாலும் அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சி இன்று காலையோடு போயிற்று.

காலையில் சங்கத்தின் பொறுப்பாளர் அம்மா இந்த வீட்டுக் கோப்பினை நீட்டினார். "இந்தப் பெரியம்மா தவறிட்டாங்க. பாத்ரூம்ல விழுந்து, எட்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்து... கைப்பிடியைக் கழட்டிட்டு வந்துடுங்க. பதினோரு பேர் காத்திருக்காங்க." கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது: பக்கவாதம். வலது கை, வலது கால் வராது. பேச்சும் இல்லை.

அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். யாருக்கு மாட்டுகிறோமோ அவரையே உட்காரவைத்து, கை நீட்டச் சொல்லி, எட்டும் இடத்தில்தான் குறி போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அன்று அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். "அவளை ஏன் எழுப்பணும்? நானும் அவ உயரம்தான்" என்று கணவரே உட்கார்ந்து கையை நீட்டினார். யாரும் நீட்டுகிற வலது கையைத்தான் நீட்டினார். இன்னும் மூன்று வீடு பாக்கி என்ற அவசரத்தில் இவரும் அங்கேயே குறி போட்டார், அரை அங்குலம்கூடப் பிசகாமல். படிவத்தில் 'பயனாளி கை நீட்டிக் காட்டினார்' என்ற வரிக்கு நேரே டிக் வேறு அடித்தார்.

இப்போது, கணவரான அந்தப் பெரியவர் பின்னால் வந்து நின்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"கழட்டுங்க தம்பி. யாருக்காவது உதவட்டும். உங்க வேலைல குறையே சொல்ல முடியாது. எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு."

அரை இன்ச் திருப்புளியை எடுத்தார். கழற்றினால் நான்கு ஓட்டை. வெள்ளை சிமெண்டில் அடைத்துவிட்டால் அதுவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு படியிறங்கிவிடு என்றுதான் மனம் சொல்லிற்று, வெட்கமேயில்லாமல்.

"எப்பவும் நான்தான் தூக்கி விடுவேன்" என்றார் பெரியவர். "அன்னைக்கு மாத்திரை வாங்கக் கீழ போனேன். பத்தே நிமிஷம். அதுக்குள்ள தானா வந்திருக்கா. திரும்பி வந்தா, வாளி விளிம்பைப் பிடிச்சபடி கெடக்கா." குரல் கோபத்தில் உயர்ந்தது. "பக்கத்துலயே கம்பி இருக்கே, ஏன் பிடிக்கல? என்கூட இருந்தது போதும்னு விட்டுட்டா தம்பி. நாப்பத்தொம்பது வருஷம்! கடைசியா எடுத்துட்டுப் போறப்போகூட அவ மூஞ்சிய நான் பாக்கல."

அரை இன்ச்சின் கை நின்றுவிட்டது. சொன்னால், இந்த மனிதரின் கையும் அந்தத் தப்பில் இருந்தது என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், மிச்சமிருக்கும் நாளெல்லாம் செத்துப்போனவளோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் போனாலும் பாவம்தான்.

"ஐயா, அவங்க விடல" என்றார். "பக்கம் மாத்தி மாட்டுனது நான். என் தப்பு."

"என்ன பக்கம்?"

"அவங்களுக்கு வராத கை எது, ஐயா?"

பெரியவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரை இன்ச்சை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மூடிய கழிப்பறை இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். வலது கையை மடியில் செத்த கைபோலப் போட்டுக்கொண்டார். இடது கையை நீட்டினார்.

"அன்னைக்கு இங்க உக்காந்தது நான்தானே?"

அரை இன்ச் திருப்புளியைக் கீழே வைத்தார். பெரியவர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை விரல்கள் இடது பக்கச் சுவரின் வழவழப்பான டைல்ஸைத் தடவின. ஒன்றும் அகப்படாமல் கீழே வழுக்கின. மறுபடி மேலே போய்த் தடவின.