வட்டையில் விதைத்த கால்

“இண்டைக்கு மட்டும் பகிடி ஒண்டும் உடாம இரிங்க,” என்றாள் கைறுன்னிஸா, கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்யும் சாக்கில் கழுத்தை மெல்ல நெரித்தபடி.

அசனார் தலையாட்டினார். மேன்முறையீட்டு அறைக்கு வெளியே, வாவியைப் பார்த்த விறாந்தையில், காலையிலிருந்து ஒரே மர வாங்கில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்குமாகச் சொந்தக் கால் மூன்று. நாலாவது ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. அவரைவிடப் பெரிய ஆள் யாருக்கோ செய்த கால் போலும். உள்ளே பழந்துணியைத் திணித்துத்தான் அதைப் போட முடியும். அது உரசி உரசிப் புண் வந்து, புண்ணுக்குத் துணையாகச் சீனி வருத்தமும் வந்து சேர்ந்தது. இப்படியே போனால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக் டொக்டர் சொல்லிவிட்டார். அளவான காலும் வைத்தியமும் அரசாங்கம் தரும். கடமையில் பட்ட காயம் என்று இந்த அறைக்குள் இருப்பவர்கள் ஒப்புக்கொண்டால்.

ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் அசனாரின் வாய். ஊர்காவல் படையில் துவக்குத் தூக்கிய காலத்தில் மிதிவெடியில் போன கால் அது. முதல் விசாரணையில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் சாரத்தை உயர்த்திக் குறைக்காலைக் காட்டச் சொன்னார்கள். அவருக்கு வெட்கம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கால் எப்படிப் போனது என்று கேட்டதற்கு, “வட்டைக்குள்ள விதைச்சிட்டு வந்தன் சேர்,” என்று சொல்லிவிட்டார். மொழிபெயர்த்தவர் தூரத்து ஊர்க்காரர். வட்டை என்றால் வயல் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மற்றதைக் கேட்கவில்லை. மனுதாரர் தனது வயலில் விதைக்கும்போது காயப்பட்டவர் என்று முடிவு வந்தது. அடுத்த மேன்முறையீட்டிலும் அதே கதைதான். நீரே உமது வாயால் சொன்னீர் என்றார்கள். இது கடைசி. இதற்கு மேல் போக இடமில்லை.

கதவைத் திறந்துகொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையிலேயே அசனாரை அழைத்தார்.

“காக்கா, நான் உதயரூபன். இண்டைக்கு மொழிபெயர்க்கிறது நான். நீங்க சொல்லுறத அப்படியே சொல்லுவன். கூட்டவும் ஏலா, குறைக்கவும் ஏலா.”

“தம்பிக்கு எந்த ஊரு?”

“செங்கலடி.”

அசனார் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். வீதிக் காவலரணில் நின்று செங்கலடித் தமிழ்ப் பெடியன்களை மறித்துச் சோதிப்பதுதான் அந்நாளில் அவருடைய வேலை.

“ஏறாவூர்ச் சென்றியில நிண்டிருக்கிறீங்களா?”

“நிண்டிரிக்கன்.”

“பள்ளிக்கூடம் போகக்குள்ள சைக்கிள உருட்ட வைப்பீங்க. ஒருநாள் என்ட சோத்துப் பெட்டியத் திறந்து, கருவாட்டுப் பொரியல்ல ஒரு துண்டத் திண்டுட்டு, ‘இதுக்க குண்டு இல்ல, உப்புத்தான் கூட’ எண்டு சொல்லி விட்டவர் ஒராள்.” உதயரூபன் சிரிக்கவில்லை. “வாங்க, கூப்பிடுறாங்க.”

அந்தப் படையில் அப்படிப் பேசக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் இப்போது எதுவும் பேசாமல், மனைவிக்குப் பின்னால் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி உள்ளே போனார்.

உள்ளே மூன்று பேர். காலைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். பியோன் அதைச் சப்பாத்தோடு தூக்கி மேசையில் நிறுத்தினான்.

“விதைச்சிட்டு வந்தன் எண்டு முதல்ல சொன்னீங்களா எண்டு தலைவர் கேக்கிறார்.”

“சொன்னன். காலத்தான் சேர் விதைச்சன். பகிடிக்குச் சொன்னது.”

உதயரூபன் சிங்களத்தில் சொன்னார். ஒருவர் முகமும் அசையவில்லை. பகிடி வாவியைக் கடக்கப் போன தோணிபோல நடுவிலேயே கவிழ்ந்ததை அசனார் கண்ணால் கண்டார்.

“இப்படிப்பட்ட விசயத்தில ஏன் பகிடி எண்டு கேக்கிறார்.”

நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. கைறுன்னிஸாவின் விரல்கள் அவரது முழங்கையைப் பிடித்தன. அதை விழுங்கினார்.

“வெக்கம் சேர். இந்தக் காலக் காட்டிக்கி, அழாம வேற என்னத்தச் செல்லுறது எண்டு தெரியல்ல.”

தலைவர் பேனாவை மூடிக்கொண்டு ஒரு சொல் சொன்னார். படையில் அசனார் கற்ற சிங்களம் நில், படு, ஓடு, சாப்பிட்டாயா, போதும். இது அந்தப் போதும்.

உதயரூபன் அதை மொழிபெயர்க்கவில்லை. அசனார் பக்கம் திரும்பி, “காக்கா, அது என்ன மாசம்? அந்த வட்டையில என்ன வேல நடந்தது?” என்று கேட்டார்.

“மாசி மாசம். வேளாண்ம வெட்டு. வெட்டுறவங்களுக்குக் காவலா எங்கள உட்டிருந்தாங்க.”

சொல்லி முடித்தபோதுதான் அசனாருக்கே உறைத்தது. ஊரெல்லாம் அறுவடை செய்கிற மாதத்தில் எந்தப் பைத்தியம் விதைக்கும்? இத்தனை வருடமும் அவர் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

உதயரூபன் மொழிபெயர்த்தார். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஓரத்து உறுப்பினர் முதன்முறையாக அசனாரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் உதயரூபனிடம் ஏதோ கடுமையாகச் சொன்னார். அவ்வளவு வேகமான சிங்களம் அசனாருக்குப் புரியவில்லை. உதயரூபனின் காது சிவந்தது மட்டும் தெரிந்தது.

“வெளியில இருக்கட்டாம், காக்கா,” என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி.

ஊன்றுகோலிலும் மனைவியின் தோளிலுமாக அசனார் விறாந்தைக்கு வந்து வாங்கில் விழுந்தார்.

“அந்தத் தம்பிட வேலைக்கி ஏதும் ஆகிருமோ?” என்றாள் அவள்.

“தெரியாகா.”

“நமக்காக ஏன் கேட்டாரு?”

அசனார் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அந்தக் கருவாட்டுல உப்புக் கூடத்தான்கா,” என்றார்.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் திட்டுவதற்கு வாயெடுத்தவள், அவரது சாரத்தின் ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்குவதைக் கண்டு நிறுத்தினாள்.

“கால் எங்க?”

இருவரும் திரும்பினார்கள். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. இடைவெளியில் மேசை தெரிந்தது. மூன்று பேரும் தலைகளை நெருக்கி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக உதயரூபன் கையைக் கட்டி நின்றார். அவர்களுக்கு நடுவே, அவள் விடியற்காலையில் பொலிஷ் போட்டுவிட்ட சப்பாத்தோடு, அவருடைய கால் தனியாக நின்றுகொண்டிருந்தது.