மூலையில் நின்றவள்

கல்லூரியில் அவளை ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். உயரம் அப்படி. கூடைப்பந்தில் ஏணி இறங்கிவிட்டால் எதிரணிக்கு வெற்றி எட்டாக்கனி. பந்து யார் கைக்குப் போனாலும் அடுத்த நொடி அவளிடம் வந்துவிடும்; அவளும் கூடையில் போட்டுவிடுவாள். மற்ற நான்கு பேரும் கைதட்டுவதற்கென்றே களத்தில் நின்றார்கள் என்றால் மிகையில்லை. டயர் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: கைக்கு வந்த பந்தை யாருக்கும் தாரை வார்க்காதே.

அந்தப் பெயரைக் கேட்டு வெளிநாட்டுக் கிளப் ஒன்று அவளை ஒரு போட்டிப் பருவத்துக்குச் சம்பளம் பேசி எடுத்தது. வெளிநாட்டு ஆட்டக்காரிக்கு அங்கே ஒரே ஓர் இடம். பிடித்துப்போனால் அடுத்த பருவமும் உண்டு. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். ஆட்டத்துக்கு மறுநாள் பயிற்சியாளர் அம்மாள் எல்லாரையும் உடைமாற்றும் அறையில் உட்காரவைத்து வீடியோவைப் போடுவார். திடீரென்று நிறுத்தி, பந்தில்லாத ஒருத்தியைக் காட்டி, இவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்பார். மற்றவர்கள் பட்டென்று சொன்னார்கள். ஏணி திருதிருவென்று விழித்தாள். முந்தைய நாள் அதிகப் புள்ளி எடுத்தவள் அவள்தான். இத்தனை வருஷம் கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஆடினேன் என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

வெட்கம் போய் ஆசை வந்தது. பார்க்க ஆரம்பித்தாள். அணித்தலைவி பந்தை விடுமுன் உதட்டைக் கடிப்பாள். இன்னொருத்திக்கு இடது கை சுத்தமாக வராது. அணியிலேயே குள்ளமானவளுக்கு மனசுக்குள் குண்டூசி என்று பெயர் வைத்திருந்தாள். குண்டூசி ஒவ்வொரு முறையும் போக்குக் காட்டிவிட்டு மூலைக்கு நழுவுவாள். பந்து மட்டும் அவளுக்கு வராது. பிறகு ஏன் அங்கேயே போகிறாள்? ஏணிக்கு மண்டை குடைந்தது. பேருந்தில் போகும்போதும் அதே யோசனை. கடைசியில் கேட்டேவிட்டாள். அங்கே மறிக்க யாரும் வரமாட்டார்கள், அதனால்தான் என்றாள் குண்டூசி, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி.

பருவத்தின் கடைசி ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நேரம் முடியப்போகிறது, பந்து ஏணியின் கையில். இரண்டு பேர் மறித்து நின்றார்கள். அதையும் மீறிப் போட்டுப் பழகிய கைதான். ஆனால் மூலையில் குண்டூசி தன்னந்தனியாக நிற்பது தெரிந்தது. ஏணி அவளுக்கு வீசினாள். குண்டூசி எறிந்த பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது.

அடுத்த வாரம் கிளப் கையை விரித்துவிட்டது. பயிற்சியாளர் அம்மாள் எவ்வளவோ வாதாடிப் பார்த்தாராம். நிர்வாகத்துக்கு வேண்டியிருந்தது புள்ளி போடும் கை. பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே ஏணி அழுதாள்.

ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்திருந்த அப்பா, விஷயம் தெரிந்ததும் போனில் பொரிந்து தள்ளினார்.

"உன் கையிலதானே பந்து இருந்துச்சு? நீயே போட்டிருந்தா அங்கேயே இருந்திருக்கலாமே. எதுக்கு அவகிட்ட குடுத்த?"

"அவ தனியா நின்னாப்பா. நீங்க பாக்கலையா?"

அப்பாவின் குரல் இறங்கியது.

"நான் எங்க அவளப் பாத்தேன்? உன்னைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்."