தளவாடப் பட்டியலில் ஒரு பேய்

செண்பகவல்லியின் கணவர் ஆவுடையப்பன் எட்டு மாதமாக நான்காவது மாடியில் பீரோவாக இருந்தார். பச்சை நிறம். இரட்டைக் கதவு. மற்றபடி சௌக்கியம்.

விளையாட்டு அப்படிப்பட்டது. பாளையங்கோட்டையில் பஸ் ஏறி, "விளையாட்டுக்கு ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கினால் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே ஒன்பது மாடியில் ஓர் அலுவலகம். மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றின் பூட்டையும் உடைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஏறும்போது பேய் வரும். வாசலிலேயே ஆளுக்கு மூன்று உயிர் கொடுத்துவிடுவார்கள். பேய் ஒரு தடவை தொட்டால் ஓர் உயிர் போகும். மூன்றும் போனால் ஆள் தளவாடம். நாற்காலி, மேசை, மின்விசிறி என்று அவரவர் உடம்புக்குத் தக்கபடி. ஆவுடையப்பன் கொஞ்சம் அகலமானவர்.

பேய்க்கு வேலை நேரம் உண்டு. காலை பத்திலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை. மதியம் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. கம்ப்யூட்டர்களும் அந்த நேரத்தில்தான் ஓடும். ராத்திரியில் பேய் வராது. ராத்திரியிலும் வர அதற்கு என்ன தலையெழுத்தா?

கீபோர்டு சத்தத்தை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கும். கை வைத்த ஆறாவது நிமிஷம் வந்துவிடும். முதலில் சூடான ஜெராக்ஸ் மெஷின் வாசனை வரும். பிறகு டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டும். பிறகு அது வரும். எண்டர் கீயை ஓங்கித் தட்டினால் ஆறு நிமிஷம்கூடக் கிடைக்காது.

ஆவுடையப்பன் ஓங்கித்தான் தட்டுவார். அந்த மனிதர் டம்ளரைக் கீழே வைத்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். செண்பகவல்லிக்குச் சீராக வந்த பீரோவை அறைந்து அறைந்து சாத்தியே இடது கதவை இறக்கிவிட்டவர். "மெதுவா, மெதுவா" என்று இருபது வருஷம் சொன்னாள். யார் கேட்டார்கள்? பேய் கேட்டது. மூன்று எண்டருக்கு மூன்று உயிர். முதல் நாளே முடிந்தது.

அவரை மீட்கத்தான் அவள் தினமும் பஸ் ஏறினாள். ஒன்பதாவது மாடிப் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் தளவாடப் பட்டியலிலிருந்து நீக்கினால் பீரோ மறுபடி ஆளாகிவிடும். பூட்டு உடைப்பது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. பதினோரு வருஷம் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள். அங்கே வருகிறவர்கள் பாஸ்வேர்டை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்கள். "எழுதிக்கோம்மா, பெரிய மவ பேரு, பொறவு ஒண்ணு ரெண்டு மூணு." அதனால் மனிதர்கள் எப்படிப் பூட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதல் மாடி மகள் பெயரில் திறந்தது. இரண்டாவது மாடி குலசாமி பெயரில் திறந்தது. மூன்றாவது மாடியில் கீபோர்டுக்கு அடியில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். இப்படியே எட்டு மாடி திறந்தாயிற்று, ஒன்பதாவதுதான் பாக்கி.

ஆனாலும் எட்டு மாதத்தில் இரண்டு உயிர் போயிருந்தது. ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் தான் ஸ்டூலாகத்தான் ஆவோம் என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் தொங்கியது. "விஜயதசமி அன்று காலை ஒன்பதரை மணிக்குப் பழைய தளவாடங்கள் காயலான் கடைக்கு அனுப்பப்படும். பச்சை பீரோ, ஒன்று."

அவள் மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் பச்சை என்றே இருந்தது. நான்காவது மாடிக்கு ஓடினாள்.

"ஏங்க."

"ம்." சத்தம் சாவித் துவாரத்திலிருந்து வந்தது.

"சாப்பிட்டியளா?"

"உள்ள நிறைய ஃபைல் வச்சிருக்காங்க. பசிக்கல."

"உங்கள காயலான் கடைக்கு அனுப்பப் போறாங்களாம்."

பீரோவுக்குள் ஒரு ஃபைல் சரிந்து விழுந்தது.

"எப்போ?"

"நாளான்னைக்கு. ஒன்பதரைக்கு."

"அப்போ காப்பி குடிச்சிட்டே வா. வெறும் வயித்தோட வராத."

செண்பகவல்லிக்குப் பொங்கிக்கொண்டு அழுகை வந்தது. ஆளாக இருந்த இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட இந்த மனுஷன் இப்படிச் சொன்னதில்லை. முந்தானையால் கதவைத் துடைத்தாள்.

"ஏட்டி செம்பா, இடது பக்கம் பாத்துத் துடை. வலிக்கு. ஒரு கிளார்க்கு வந்து அறைஞ்சு அறைஞ்சு சாத்துதான்."

அதற்குப் பதில் சொல்ல அவளிடம் இருபது வருஷத்துப் பேச்சு இருந்தது. பாவம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் காவலாளி சுடலைமுத்து சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொரி மூட்டை. பக்கத்தில் பிரிண்டர்.

"என்னண்ணே, நேரத்தோடயே ஆரம்பிச்சிட்டிய?"

"பட்டியல்ல இருக்க அத்தனைக்கும் பொட்டு வைக்கணும்லா தங்கச்சி. பதினொண்ணே காலுக்கு இந்தப் பிரிண்டர்ல லிஸ்ட் வரும். ஒன்பதாவது மாடியில ஆரம்பிச்சுக் கீழ வருவேன். பொட்டு வச்சாச்சுன்னா நாளைக்குக் காலைல வரைக்கும் ஒரு சாமானும் வேலை செய்யக் கூடாது. ஒரு சாமானையும் வேலை வாங்கவும் கூடாது."

"மீறினா?"

சுடலைமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவர் அதுவரை கேட்டதில்லை.

அவள் நேராக ஒன்பதாவது மாடிக்கு ஏறினாள். அன்று அந்த வராந்தா கொஞ்சம் நீளமாக இருந்தது. பாதி வழியில் ஒரு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வைத்திருந்தார்கள். உட்கார்ந்து, குடித்து, எழுந்து நடந்தாள். பெரிய கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று.

அது பாஸ்வேர்டு கேட்டது. அட்மின் என்று அடித்தாள். திறந்துகொண்டது. பெரிய இடங்களில் அப்படித்தான்.

தளவாடப் பட்டியல் வந்தது. அதில் பச்சை பீரோ என்ற வரியைப் பிடித்தாள். நீக்கு என்பதை அழுத்தினாள். கம்ப்யூட்டர் கேட்க ஆரம்பித்தது. நீக்கக் காரணம் என்ன? பீரோ ஓர் ஆள் என்பதற்குச் சான்று உண்டா? சான்று கொடுப்பவர் ஆள் என்பதற்குச் சான்று உண்டா? அவரைப் பெற்றவர்கள் ஆட்களா? மூலையில் ஒரு சின்ன எழுத்து: இந்தப் படிவத்தை நிரப்ப முப்பத்தெட்டு நிமிஷம் ஆகும்.

அவளுக்கு இருந்தது ஆறு நிமிஷம். அதில் நான்கு போய்விட்டது.

ஜெராக்ஸ் வாசனை வந்தது. வராந்தாக் கோடியில் ஒரு டியூப் லைட் சிமிட்டியது. ஓடிவிடலாம். ஓடினால் நாளைக்கு லாரி வரும். பட்டியலில் இருக்கும் அத்தனைக்கும் பொட்டு என்று சுடலைமுத்து சொன்னது ஞாபகம் வந்தது. அவள் திரையின் அடிப்பகுதியைப் பார்த்தாள். புதிய பொருள் சேர்க்க என்று இருந்தது. அழுத்தினாள். ஐந்தே ஐந்து கட்டங்கள். எந்த அலுவலகத்திலும் நீக்குவதுதான் பாடு. சேர்ப்பது சுலபம்.

அடித்தாள். பொருள்: பேய். எண்ணிக்கை: ஒன்று. வகை: கருவி. நிலை: நல்ல நிலையில் உள்ளது. பயன்பாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தொடுதல் என்று அடித்தாள். தூங்குகிற பிள்ளைமேல் போர்வை போடுகிற மாதிரி எண்டரை அழுத்தினாள்.

திரும்பினால் பேய் நிற்கிறது.

நாற்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை. கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் படமும் இல்லை, பெயரும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் லேசான புகை. கையைத் தூக்கியது. தூக்கியபடியே திரையைப் பார்த்தது.

"இது யாரு?"

"நீங்கதான் மேடம்."

"நானா?"

"நல்ல நிலையில் உள்ளதுன்னு போட்டிருக்கேன்."

பேய் அந்த வரியைக் கால் மணி நேரம் திரும்பத் திரும்பப் படித்தது. "இத்தனை வருஷத்துல நான் ஒரு லிஸ்ட்லயும் வரல. ஒரு நாள் லீவு கேட்டேன். முதல்ல நீங்க இருக்கீங்கன்னு எழுத்துல குடுங்கன்னாங்க."

"இப்போ இருக்கிய."

"இருக்கேன்." ஆனால் கை இறங்கவில்லை. வேலை நேரம் அல்லவா? விரல் அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்தது. செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டூலுக்கு எத்தனை கால் என்று யோசித்தாள்.

"ஒன்பதாவது மாடி!" சுடலைமுத்துவின் குரல். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் பட்டியல். "கம்ப்யூட்டர் ஒண்ணு. ஃபேன் ரெண்டு. பேய் ஒண்ணு." நிறுத்தி இன்னொரு தடவை படித்தார். அச்சில் வந்ததைச் சந்தேகப்படுகிற ஆள் அவர் இல்லை.

"குனிங்க மேடம்."

பேய் குனிந்தது. சந்தனமும் குங்குமமும் காற்றில் வட்டமாக நின்றன. தூக்கிய கை மெல்ல இறங்கியது. அதற்குள் கம்ப்யூட்டர் திரையிலும் பொட்டு விழுந்தது. திரை அணைந்தது.

"அண்ணே, அண்ணே, ஒரு வரி மட்டும் அழிச்சுக்கிடுதேன்!"

"இனிமே நாளைக்குத்தான்."

அடச்சே என்று ஆகிவிட்டது அவளுக்கு. பேயை நிறுத்தியாயிற்று. கம்ப்யூட்டரும் நின்றுவிட்டது.

எல்லாச் சாமான்களையும் நான்காவது மாடிக் கூடத்தில் வரிசையாக வைத்தார்கள். ஸ்டேப்ளருக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் பேய் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சுவரோரம் ஆவுடையப்பன். இரண்டு கதவிலும் பொட்டு. அதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. தாலி கட்டிய மனுஷனைச் சாமானோடு சாமானாக வைத்துச் சூடம் காட்டுகிறார்கள். அவரோ நன்றாகத்தான் நின்றார்.

சுடலைமுத்து எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார். பேய் ஒரு கை அள்ளிப் போட்டது. பொரி உடம்பு வழியாகத் தரையில் உதிர்ந்தது.

"நல்லாருக்கு," என்றது பேய். பிறகு பீரோவைக் காட்டியது. "இது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"நான் தொட்டதா?"

"ஆமா."

"ஞாபகம் இல்ல."

"எண்டர் கீய ஓங்கித் தட்டுவாவ."

"ஓ, அவரா? எனக்குக் காதே போச்சு."

"மன்னிச்சிக்கிடுங்க மேடம்," என்றது பீரோ.

அன்று முழுவதும் மூவரும் சும்மா இருந்தார்கள். பேய்க்கு அதுதான் முதல் லீவு. அதை என்ன செய்வதென்று தெரியாமல், அவ்வப்போது செண்பகவல்லியிடம் மணி கேட்டது.

விஜயதசமி காலையில் அவள் காப்பி குடித்துவிட்டே வந்தாள். நல்ல நேரம் ஒன்பது பத்துக்குப் பிறந்தது. வரிசைப்படி ஒவ்வொரு கருவியும் ஆரம்ப வேலை ஒன்றைச் செய்ய வேண்டும். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது. ஜெராக்ஸ் மெஷின் பிள்ளையார் சுழியை ஒரு பிரதி எடுத்தது. ஸ்டேப்ளர் ஒரு தடவை கடித்தது. பெரிய கம்ப்யூட்டர் வரிசையில் கடைசி. அதன் முறை வர மதியம் ஆகும் என்றார் சுடலைமுத்து. கீழே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"பேய் ஒண்ணு," என்று வாசித்தார் அவர். "பயன்பாடு, தொடுதல்."

பேய் எழுந்தது. "யாரைத் தொட?"

கூடத்தில் ஆட்கள் இரண்டே பேர். சுடலைமுத்து தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எனக்கு டூட்டி இருக்கு மேடம்."

பேய் செண்பகவல்லியைப் பார்த்தது. படிக்கட்டில் லாரிக்காரர்களின் காலடி கேட்டது.

"அவியளத் தொடுங்க," என்று அவள் பீரோவைக் காட்டினாள்.

"சாமானைத் தொட்டதில்லையே. என்ன ஆகும்?"

"தெரியாது மேடம்." அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. "இன்னைக்கு விஜயதசமில்லா. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாம்."

பேய் யோசித்தது. பிறகு ஒரு விரலை நீட்டி இடது கதவைத் தொட்டது.

ஒன்றும் ஆகவில்லை. லாரிக்காரர்கள் கயிற்றோடு உள்ளே வந்தார்கள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. செண்பகவல்லி பீரோவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாகத் திறந்தது. மிக மெதுவாக. உள்ளே ஃபைல்கள் இல்லை. வேட்டி தெரிந்தது. ஆவுடையப்பன் கால் வைத்து இறங்கினார். அவருக்குப் பின்னால் பீரோ இல்லை. நெற்றியில் பொட்டு இருந்தது.

"காப்பி குடிச்சியா?" என்றார்.

அவள் அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள். தகரச் சத்தம் வரவில்லை. பிறகுதான் அழுதாள்.

"பச்சை பீரோ ஒண்ணு இருக்கணுமே?" என்றார் லாரிக்காரர்.

"அது லீவுல போயிருக்கு," என்றார் சுடலைமுத்து.

வெறுங்கையோடு போக வேண்டாம் என்று அவர்கள் நோட்டீஸ் போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

பேய் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. "இப்படியும் ஆகுமா?"

"நல்ல நாள்ல ஆரம்பிச்சிருக்கிய மேடம். இனிமே இதான் உங்க வேலை."

"தொடுதல்னுதானே போட்டிருக்கு. யாரைன்னு போடலயே," என்றது பேய். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. பக்கத்து நாற்காலியை நோக்கி நடந்தது. அதில் இருப்பது யார் என்று அதற்கு ஞாபகம் இல்லை. எழுந்ததும் அவர்களே சொல்வார்கள்.

"வீட்டுக்கு ரெண்டு," என்று செண்பகவல்லி பஸ்ஸில் டிக்கெட் வாங்கினாள்.

வீட்டில் ஆவுடையப்பன் சட்டை மாற்றினார். அவளுடைய சீர் பீரோவைத் திறந்து சட்டையை எடுத்தார். சாத்தும்போது இரண்டு கையாலும் பிடித்தார். இறங்கியிருந்த இடது கதவை லேசாகத் தூக்கிப் பொருத்தினார். சத்தமே இல்லை. அப்புறமும் அங்கேயே நின்றார். குனிந்து சாவித் துவாரத்தில் காதை வைத்தார்.

"வலிக்கா?" என்று கேட்டார்.

"இப்போ இல்ல," என்று உள்ளிருந்து வந்தது.

அது அடுப்படிவரை கேட்டது. செண்பகவல்லி காப்பிக்கு அடுப்பில் வைத்திருந்த பாத்திரத்தில் இன்னொரு டம்ளர் பாலை ஊற்றினாள்.