எல்லாக் கோடும் அண்ணனிடம்

வண்டி, படகு, ஜெனரேட்டர், அவற்றை ஓட்டுகிறவர், சாவி வைத்திருப்பவர், போகிற சாலை, எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக வைத்து, எதற்கு எதோடு சம்பந்தம் என்று கோடு இழுப்பதுதான் அவசர உதவி மையத்தில் அவள் வேலை. அறிவு வரைபடம் என்று பெயர். பெயரெல்லாம் பிரமாதம்தான். யாராவது ஆபத்து என்று கூப்பிட்டால், கம்ப்யூட்டர் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பக்கத்து வண்டியையும் ஆளையும் கண்டுபிடித்து, அதுவே போனும் போட்டுவிடும்.

வரைந்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கோடெல்லாம் ஒரே புள்ளியில் போய் மொய்த்துக்கொண்டு நின்றன. அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். ஆம்புலன்ஸ் டிரைவர். படகும் அவர்தான், ஜெனரேட்டரும் அவர்தான். இன்னொரு டிரைவர் லீவு போட்டால் அந்த வண்டிக்கும் அவரேதான். அவர் மட்டும் லீவு போட்டதே கிடையாது. ஆபத்பாந்தவன் என்று கூப்பிட்டால் போதும், மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"இன்னொரு ஆளைப் பழக்கி விடேண்ணா. உனக்கு ஒண்ணுன்னா என்ன பண்றது?"

"குத்துக்கல்லு மாதிரி நான் இருக்கும்போது இன்னொருத்தன் எதுக்கு?"

மேலதிகாரியிடம் சொன்னாள். "நல்லதாப் போச்சு, ஒரே போன்ல வேலை முடிஞ்சிடும்" என்றார். அடப்பாவிகளா என்று மனதுக்குள் திட்டிவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

அடைமழை பிடித்திருந்த ஒரு காலையில் அண்ணி மையத்துக்கே போன் போட்டு அவளைக் கூப்பிட்டாள். "உங்கண்ணன் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாரும்மா. வேர்த்துக் கொட்டுது. சீக்கிரம் வண்டி அனுப்பு!"

அவள் விலாசத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். பக்கத்து வண்டிக்கு டிரைவர், அண்ணன். அடுத்த வண்டியின் டிரைவர் லீவு. பதில் ஆள், அண்ணன்.

"ஐயோ, இந்த நேரத்துல இவரு போன் வேற அடிக்குது" என்றாள் அண்ணி.

அடிப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனைத் தூக்கிக்கொண்டு வர அண்ணனையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். அவர் புள்ளியை எடுத்தால்தான் அது வேறு ஆளைத் தேடும். எடுத்தாள். எல்லாக் கோடும் ஒரேயடியாக அறுந்து, ஆற்றுக்கு இந்தப் பக்கம் முழுக்க ஆளில்லை என்று சிவப்பாயிற்று. அக்கரையிலிருந்து ஒரு வண்டி கிளம்பியது. பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

"அண்ணி, அவரை அசையாம படுக்க வைங்க."

"எங்கே படுக்கிறாரு? போன் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கப் பார்க்கிறாரு. இதோ வந்துட்டேன், சாவி எங்கேங்கிறாரு."

"சாவியைக் குடுத்துடாதீங்க. வேற ஆள் வர்றாங்க. அவருக்கு இன்னைக்கு லீவுன்னு சொல்லுங்க."

அண்ணி சொன்னாள். "லீவா? யாரு குடுத்தா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் அண்ணன்.

"உங்க தங்கச்சிதான்."

போனில் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

"படுத்துட்டாரும்மா" என்றாள் அண்ணி.

வண்டி இன்னும் பாலத்தில் ஏறவில்லை.